‘தூசி விழுந்துச்சு’: உளித் தலையிலிருந்து கண்ணுக்குள் போன 5 மில்லிகிராம் இரும்பு

இது ஒரே தளத்தின், ஒரே ஆளின் கோப்பு அல்ல. உளி வேலை நடக்கும் இடங்களில் திரும்பத் திரும்ப ஒரே வரிசையில் நேரும் விபத்தை, நேரம் நேரமாகப் பின்தொடர வசதியாக ஒரு நிகழ்வாகக் கோத்திருக்கிறோம். அடிபட்டவர் உளியைப் பிடித்தவர் அல்ல, அடித்தவரும் அல்ல. ஆய்வு முழுவதும் அந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் நகர்கிறது.

நடந்தது

மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. தண்ணீர்க் குழாய் பதிக்கச் சுவரில் காடி எடுக்கும் வேலை. செங்கல் சுவர் வரை சிக்கலில்லை. காடி ஒரு கான்கிரீட் தூணின் ஓரத்தை உரசிப் போகும் இடத்தில் வேலை கடினமானது. கொத்தனார் கையில் 1.25 கிலோ சுத்தியல், 250 மி.மீ. நீளத் தட்டை உளி. 26 வயதுக் கையாள் இரண்டு மீட்டர் தள்ளிக் குனிந்து, விழுந்த காரையைச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தார். கொத்தனாரிடம் கண்ணாடி இருந்தது, நெற்றிமேல் இருந்தது. கையாளுக்குக் கண்ணாடி கொடுக்கப்படவே இல்லை. அவர் ‘கொத்துகிற ஆள்’ இல்லையே.

காலை 10:40. கான்கிரீட்டில் உளி இறங்காததால் கொத்தனார் ஓங்கி அடிக்கத் தொடங்கினார். நான்காவதோ ஐந்தாவதோ அடி, தலையின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தது. ஒலி மாறியது. கையாள் வலக்கண்ணைப் பொத்தினார்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லண்ணே, தூசி விழுந்துச்சு.”

இந்த ஒரு சொல் அடுத்த இரண்டு நாளுக்கு அவரோடு நடந்தது. மேஸ்திரியிடம் தூசி, மருந்துக் கடையில் தூசி, மருத்துவரிடமும் தூசி. பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. சுருக்கென்று ஒரு குத்து, கொஞ்சம் நீர் வடிதல், பத்து நிமிடத்தில் வலி தணிந்துவிட்டது. பார்வையும் தெளிவாகவே இருந்தது. குழாயடியில் கண்ணைக் கழுவினார், கசக்கினார். உடன் வேலை செய்தவர் இமையை மடக்கித் துணி நுனியால் துழாவிப் பார்த்து, “ஒண்ணும் காணோம், வந்துடுச்சு” என்றார். மாலை வரை வேலை தொடர்ந்தது.

இரவில் கண் சிவந்தது. கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். மறுநாள் காலை வெளிச்சம் பட்டால் கூச்சம், லேசான மங்கல். சிறிய மருத்துவமனை ஒன்றில் பார்த்தபோது வலக்கண் பார்வை 6/9: நல்ல கண் 9 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரிலிருந்து படிக்கும் அளவு. கருவிழியின் (கண்ணின் முன்பக்கத்தில் ஒளி புகும் உறை) கீழ்ப்பகுதியில், கடிகாரத்தில் 7 மணி நிலையில், 1.5 மி.மீ. நீளத்தில் ஒரு மெல்லிய கோடு. சாயத்தில் பச்சையாகத் தெரிந்தது. ‘சிராய்ப்பு’ என்று எழுதி, களிம்பு போட்டு, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தலை வெடிக்கும் வலி. இமை வீங்கித் திறக்கவில்லை. திறந்து பார்த்தபோது முகத்துக்கு முன் கை அசைவது மட்டுமே தெரிந்தது. கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகச் சீழ் தேங்கி நின்றது.

உளியைப் பார்ப்போம்

கண்ணுக்குப் போவதற்கு முன் உளிக்குப் போக வேண்டும். விபத்து 10:40-க்குத் தொடங்கவில்லை. அதற்குப் பல வாரம் முன்பே உளித் தலையில் தொடங்கிவிட்டது.

நல்ல உளிக்கு இரண்டு முனைக்கும் இரண்டு விதமான பதம். வெட்டும் முனை கடினமாகத் துவைச்சல் போடப்பட்டிருக்கும், அதாவது பழுக்கக் காய்ச்சித் தோய்த்து இறுக்கப்பட்டிருக்கும். அடி வாங்கும் தலை வேண்டுமென்றே மென்மையாக விடப்பட்டிருக்கும். சுத்தியல் முகத்தின் கடினம், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 50-ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோ நிற்கும். உளித் தலை அதைவிடத் தெளிவாகக் குறைவு. இரண்டு கடினமான பரப்புகள் மோதினால் ஏதாவது ஒன்று உடையும். ஒன்று மென்மையாக இருந்தால் அது நசுங்கும். நசுங்குவது பாதுகாப்பு, உடைவது ஆபத்து. உளியைச் செய்தவர் இந்தக் கணக்கில்தான் தலையை மென்மையாக விட்டார்.

ஆனால் நசுங்கிய இரும்பு அப்படியே மென்மையாக இருப்பதில்லை. அடிபட அடிபட வெளிப்பக்கம் பிதுங்கி, காளான் குடைபோலக் கவிழ்ந்து, விளிம்பில் பிசிறாகச் சுருள்கிறது. குளிர்ந்த நிலையிலேயே அடிவாங்கிய இரும்பு இறுகும். இறுகினால் முறியும் குணம் வரும். பிசிறின் அடியில், அது தண்டோடு ஒட்டியிருக்கும் வேரில், மயிரிழை விரிசல்கள் ஓடத் தொடங்குகின்றன. மேலிருந்து பார்த்தால் தெரியாது. உளியைக் கவிழ்த்து, குடையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த நிலையில் தலையின் ஓரத்தில் சாய்வாக ஒரு அடி விழுந்தால் பிசிறு ஒடிந்து பறக்கிறது.

இந்த உளியின் தலை, தண்டின் 18 மி.மீ. தடிமனைத் தாண்டி எல்லாப் பக்கமும் 4, 5 மி.மீ. விரிந்திருந்தது. ஒரு பிசிறு இருந்த இடத்தில் பளபளப்பான புது முறிவு. பின்னர் கண்ணிலிருந்து எடுத்த துண்டின் ஒரு பக்கம் துருவேறிப் பழுப்பு, மறுபக்கம் அதே பளபளப்பு. வேரின் பாதி முன்பே விரிந்து, துருப்பிடித்து, மிச்சப் பாதி அன்று முறிந்தது என்று அந்த இரு நிறங்கள் சொல்கின்றன.

சுத்தியலையும் விட்டுவிடக் கூடாது. அடிக்கும் முகத்தின் விட்டம், அடிவாங்கும் தலையைவிட ஏறத்தாழ 10 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். தலை விரிந்துவிட்ட உளிக்கு அதே சுத்தியல் சிறியதாகிவிடுகிறது. ஓர அடிகள் கூடுகின்றன. விரிந்த தலை தன் விபத்தைத் தானே நெருக்கிக் கொண்டுவருகிறது என்றுகூடச் சொல்லலாம். ஆணி அடிக்கும் சுத்தியலை உளிக்குப் பயன்படுத்துவது இன்னும் மோசம்: அதன் முகம் ஆணித் தலைக்காகக் கடினப்படுத்தப்பட்டது, ஓரமும் கூர். அங்கே பறப்பது சுத்தியலின் சில்லாகவே இருக்கலாம். சுத்தியலோடு சுத்தியலை மோதக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

ஒரு சின்னக் கணக்கு

எடுக்கப்பட்ட துண்டு ஏறத்தாழ 2 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், 0.3 மி.மீ. தடிமன். கன மி.மீ.க்கு 7.85 மில்லிகிராம் என்று எடுத்தால் எடை 5 மில்லிகிராமைத் தொடவில்லை. நொடிக்கு 50 மீட்டர் வேகம் என்று வைத்தாலே இரண்டு மீட்டர் தூரத்தை அது 0.04 நொடியில் கடக்கும். இமை முழுதாக மூட 0.1 நொடியாவது வேண்டும். ‘கண்ணை மூடியிருந்தால் தப்பித்திருக்கலாம்’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

வேகத்தை 100 மீட்டராக உயர்த்தினாலும் துண்டின் ஆற்றல் 0.025 ஜூல்தான். அற்பம். ஆனால் அது முழுவதும் ஒரு கத்தி விளிம்பில் குவிகிறது. எதிரே இருக்கும் கருவிழியின் நடுத்தடிமன் அரை மி.மீ. சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? நெடுங்காலம் வழங்கிய ஐரோப்பிய இ.என். 166 தர முறையில் எஃப் குறியுள்ள கண்ணாடிமேல் 6 மி.மீ. விட்டமும் 0.86 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் எறிவார்கள். அந்த ஆற்றல் 0.87 ஜூல், நம் துண்டைப்போல ஏறத்தாழ 35 மடங்கு. கூர்மையும் வேகமும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை. நெற்றிமேல் இருந்த அந்தக் கண்ணாடி கையாளின் மூக்கில் இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

கண்ணுக்குள்

துண்டு கருவிழியை 7 மணி நிலையில் கிழித்து, அதே கோட்டில் கருந்திரையில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரை) ஒரு துளை போட்டு, கண் வில்லையின் ஓரத்தை உரசி, பின்னால் உள்ள விழிக்கூழைக் கடந்து, விழித்திரையின் கீழ்ப்பகுதியில் மோதி நின்றது. இவ்வளவும் நடந்தும் வலி தணிந்தது, பார்வை 6/9 இருந்தது என்றால் நம்பக் கடினம். ஆனால் கூர்மையான சிறு துண்டின் இயல்பே அதுதான். 2 மி.மீ.க்குக் குறைந்த கருவிழிக் கிழிசல் தானே வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து நீர் ஒழுகாது, விழி தளராது. பார்வையின் மையத்தைத் துண்டு தொடாவிட்டால் படிக்கும் பலகையில் கடைசிக்கு முந்தைய வரிவரை படிக்கலாம்.

இரண்டாம் நாள் மருத்துவமனையில் தவறியது திறமை அல்ல, ஒரு கேள்வி. “என்ன விழுந்தது?” என்று கேட்டார்கள், “தூசி” என்று பதில் வந்தது. “பக்கத்தில் யாராவது எதையாவது அடித்துக்கொண்டிருந்தார்களா?” என்று கேட்டிருந்தால் உளியும் சுத்தியலும் அறைக்குள் வந்திருக்கும். இரும்பின்மேல் இரும்பை அடிக்கும் இடத்தில் நின்றவரின் கண்ணில் ‘ஏதோ’ பட்டது என்றால், இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை அது உள்ளே புகுந்த துண்டுதான். அடித்தவரா, அள்ளியவரா, அந்த வழியாக நடந்தவரா என்ற பேதம் இதில் கிடையாது.

அந்தக் கேள்வி எழுந்திருந்தால் பார்வை அளந்த கையோடு வேறு சில அடையாளங்களைத் தேடியிருப்பார்கள். கண்மணி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கண்ணீர்த் துளிபோல இழுபட்டிருக்கிறதா? கருந்திரையின் பின்னிருந்து ஒளியை அனுப்பினால் ஊசித் துளைபோலச் சிவப்பு தெரிகிறதா? கருவிழிக் கோடும் அந்தத் துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா? வில்லையில் ஒரு மூலையில் மட்டும் வெண்மையா? இரு கண்ணின் முன்னறை ஆழமும் சமமா? வெண்விழியில் ரத்தக் கட்டு இருந்தால் அதன் அடியில் கிழிசல் மறைந்திருக்கலாம். சாயம் விட்டுப் பார்க்கும்போது சிராய்ப்பில் பச்சை அப்படியே நிற்கும். ஒழுகும் கிழிசலில் உள்நீர் சாயத்தைக் கரைத்துக்கொண்டு கருமையான ஓடைபோல இறங்கும். இந்த நிகழ்வில் கிழிசல் அடைத்துக்கொண்டதால் ஓடை தெரிந்திருக்காது. ஆகவே அந்தச் சோதனை சுத்தமாக வந்தது என்று நிம்மதி அடையக் கூடாது. கண்மணியை விரித்துப் பின்பக்கம் பார்ப்பதுதான் வழி.

படம் எடுப்பதில் சி.டி. ஸ்கேன் முதல் தேர்வு, 1 மி.மீ. வெட்டுகளில். அது கிடைக்காத இடத்தில் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுக்கலாம்; மெல்லிய துண்டு அதில் தப்பலாம். எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது. காந்தப் புலத்தில் இரும்புத் துண்டு நகர்ந்து உள்ளே மீண்டும் கிழிக்கும். விழி கிழிந்து திறந்திருக்கலாம் என்ற ஐயம் இருக்கும்வரை விழி அழுத்தம் அளப்பது, கண்ணில் அழுத்தி அல்ட்ராசவுண்ட் வைப்பது, அழுத்திக் கட்டுப் போடுவது எல்லாம் தள்ளி வைக்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னது இவருக்குச் செய்யப்பட்டுவிட்டது.

தாமதத்தின் விலை எவ்வளவு என்பதைக் காட்ட ஒரு கருவி இருக்கிறது. கண் மருத்துவர் ஃபெரெங்க் குன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட கண் காயப் புள்ளி முறையில், முதல் பார்வை அளவுக்கு ஒரு புள்ளி தந்து, ஒவ்வொரு கேட்டுக்கும் கழிப்பார்கள். இரண்டாம் நாள் 6/9 பார்வைக்கு 100 புள்ளி, கழிக்க எதுவுமில்லை. மிக நல்ல பிரிவான ஐந்தில் விழுகிறார். அந்தப் பிரிவில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வையோடு முடிக்கிறார்கள். மூன்றாம் நாள் கை அசைவு மட்டும்: 70 புள்ளி. உட்கண் சீழுக்கு 17 கழித்தால் 53. இரண்டாம் பிரிவு. அங்கே அதே அளவு பார்வை மீள்வது ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு. அதே கண், அதே துண்டு. நடுவில் ஓடியது ஒரு நாள்.

அன்றிரவே அறுவை நடந்தது. கருவிழிக் கிழிசலுக்கு 10-0 அளவில் மிக மெல்லிய நைலான் இழைத் தையல் ஒன்று. உறை கிழிந்த வில்லை அகற்றப்பட்டது. சீழ் கலந்த விழிக்கூழை வெட்டியெடுத்து, கண்ணுக்குள் செலுத்தும் காந்தத்தால் துண்டை விழித்திரையிலிருந்து தூக்கி, இடுக்கியால் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணுக்குள் காந்தம் செல்வது புதிதல்ல. பெர்லினில் கண் மருத்துவர் ஹிர்ஷ்பெர்க் 1879-இலேயே கைமின்காந்தத்தால் இரும்பை எடுத்திருக்கிறார். துண்டு மோதிய இடத்தைச் சுற்றி லேசர். விழிக்குள் கிருமிக்கொல்லி மருந்துகள்: 1 மி.கி. வான்கோமைசின், 2.25 மி.கி. செஃப்டாசிடிம், ஒவ்வொன்றும் 0.1 மி.லி.யில். டெட்டனஸ் ஊசியும் உண்டு. பலர் இதைக் கண் காயத்தில் மறந்துவிடுகிறார்கள். வளர்சோதனையில் வந்தது தோலில் வாழும் சாதாரண ஸ்டெஃபிலோகாக்கஸ். மண்ணில் வாழும் பேசில்லஸ் வகையாக இருந்திருந்தால் கண்ணே மிஞ்சியிருப்பது சந்தேகம். அது ஒன்றிரண்டு நாளில் விழியைக் கரைத்துவிடும். ‘அடியின் சூட்டில் இரும்பு சுத்தமாகிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. உளிச் சில்லு வேண்டுமானால் சூடாகலாம், கிருமி சாகும் அளவுக்கு ஆகும் என்று நம்ப முடியாது.

முதல் பத்து நிமிடம்

தளத்தில் செய்ததில் ஏறக்குறைய எல்லாமே தலைகீழ். கசக்கியது துண்டை நகர்த்தும். துணி நுனி கிருமியைச் சேர்க்கும். குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவுவது கிழிசல் வழியே அழுக்கைத் தள்ளும்.

இங்கே ஒரு குழப்பம் வரும், அதைத் தீர்த்தே ஆக வேண்டும். சிமெண்டோ சுண்ணாம்போ கண்ணில் தெறித்தால் தண்ணீர்தான் உயிர்: அந்த நொடியே தொடங்கி, இமையைப் பிரித்துப் பிடித்து, 20 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனை போக வேண்டும். காரம் கருவிழியை உருக்கிக்கொண்டே உள்ளே போகும். ஒரு நிமிடத் தாமதமும் கெடுதல். இரும்படி வேலையில் பட்டதென்றால் இதற்கு நேர் எதிர்: கழுவாதே, தொடாதே, சொட்டு மருந்து விடாதே, களிம்பு போடாதே. ஆகவே மேஸ்திரி கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘வலிக்குதா?’ அல்ல, ‘அங்கே என்ன வேலை நடந்துச்சு?’ என்பதே.

இரும்புதான் என்று ஐயம் வந்தால் ஆளை உட்கார வைத்து, தலை சற்று உயர்ந்திருக்கும்படி சாய்க்கவும். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் கவிழ்த்து, விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் நிற்கும்படி ஒட்டுநாடாவால் ஒட்டவும். பஞ்சு உள்ளே வைக்க வேண்டாம். கண்ணுக்குள் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்க வேண்டாம். அறுவைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். நடந்த நேரத்தைக் காகிதத்தில் எழுதி ஆளோடு அனுப்பவும். உளியையும் கொடுத்தனுப்புங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை: முறிந்த இடத்தைப் பார்த்தால் துண்டின் அளவும், அது இரும்பா செம்பா என்பதும் மருத்துவருக்குப் புரியும். செம்பு என்றால் கண் வேறு விதமாகச் சீறும். 24 மணி நேரத்துக்குள் துண்டை எடுத்துவிட்டால் சீழ் பிடிக்கும் அபாயம் கணிசமாகக் குறையும் என்பதால், ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

அந்த உளி ஏன் அப்படிக் கிடந்தது

‘கவனக்குறைவு’ என்று எழுதி முடிக்கும் அறிக்கைகளைப் பார்த்திருப்போம். அது காரணமே அல்ல. அந்த உளி பொதுப் பெட்டியில் கிடந்தது. காலையில் முதலில் வந்தவர் நல்ல உளியை எடுத்துக்கொண்டார், பின்னால் வந்தவருக்கு இது மிஞ்சியது. அதைத் தீட்ட வேண்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. வெட்டும் முனை மழுங்கினால் எல்லோரும் கவனிப்பார்கள், வேலை நகராதே. தலை விரிந்தால் யாரும் கவனிப்பதில்லை, வேலை நகர்கிறதே. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மழுங்கிய முனைக்கு ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது, ஓங்கிய அடி தலையை இன்னும் விரிக்கிறது.

அமெரிக்கக் கட்டுமானப் பாதுகாப்பு விதி 1926.301 இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: உளி, ஆப்பு போன்ற அடிவாங்கும் கருவிகளின் தலை விரிந்திருக்கக் கூடாது. ‘அதிகமாக’ என்றுகூட இல்லை. விரிந்த உளியை வேலைக்கு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தலையைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். மேசைச் சாணைக்கல்லில் கருவி தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மிகக் கூடாது, மேலுறையின் நுனியில் உள்ள மேல்நாக்குக்கும் கல்லுக்கும் 6 மி.மீ.க்கு மிகக் கூடாது. அதைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்கவும். முதலில் பிசிறை முழுவதும், விரிசலின் வேர் தாண்டி, நல்ல உலோகம் தெரியும்வரை கடையவும். பாதியில் நிறுத்தினால் விரிசலின் அடி உள்ளே மிஞ்சிவிடும். பிறகு தலையின் விளிம்பைச் சுற்றி 3 மி.மீ. அளவுக்குச் சாய்த்துத் தேய்த்து, தலையின் நடு மிக லேசாகக் குவிந்திருக்கும்படி முடிக்கவும். குவிந்த தலையில் அடியின் விசை நடுவில் இறங்கும். தட்டையான தலையில் ஓரம் முதலில் அடிவாங்கும். இடையிடையே தண்ணீரில் தோய்த்துச் சூட்டைக் குறைக்கலாம். தலை சிவக்கும் அளவுக்குச் சூடாகிவிட்டால் மட்டும் தண்ணீரில் போடக் கூடாது, தானே ஆறவிட வேண்டும். சிவந்ததைத் தண்ணீரில் போட்டால் தலைக்கே துவைச்சல் ஏறிவிடும். கடினமான தலை அடுத்த அடியில் விரியாது, தெறிக்கும். பத்திரப்படுத்த நினைத்த வேலையே விபத்தாகும். தேய்ந்த தலையில் வெல்டிங் வைத்துக் கட்டுவதும் இதே வகைத் தவறு.

தண்டுவரை விரிசல் ஓடியிருந்தால் கடைந்து பயனில்லை. தூக்கிப் போட்டால் மறுநாள் யாராவது எடுத்துவருவார்கள். இரண்டாக அறுத்துப் போடுவதுதான் பழக்கமாக வேண்டும்.

எப்போது கடைவது? விரலால் உணரலாம். தலையின் ஓரத்தை அடியிலிருந்து மேலாகத் தடவினால் நகம் சிக்கினால் போதும், அன்றைக்கே கடைய வேண்டும். அதற்காக வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. உளிகளுக்கு எண் குத்தி, ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுத்த தளங்களில் இந்தப் பழக்கம் சொல்லாமலே வருகிறது. தன் உளி என்றால் தலையையும் பார்க்கிறார்கள்.

கண்ணாடி, தூரம், மறைப்பு

சில்லு யாரைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடி வேலைக்கு இல்லை, இடத்துக்கு. உளி வேலை நடக்கும் அறைக்குள் யார் காலடி வைத்தாலும் கண்ணாடியோடுதான். காரை அள்ளுபவர் உளி நிற்கும்வரை காத்திருந்து அள்ளலாம். அது முடியாவிட்டால் நடுவே ஒரு ஒட்டுப்பலகையை நிறுத்தி வைக்கலாம். இரண்டு மீட்டர் பாதுகாப்பான தூரம் அல்ல என்பது மேலே போட்ட கணக்கிலேயே தெரிகிறது.

பார்வைக் குறைக்காக அணியும் சாதாரணக் கண்ணாடி பாதுகாப்பு ஆகாது; உடைந்தால் அதன் சில்லும் சேர்ந்து உள்ளே போகும். பாலிகார்பனேட் வில்லை, பக்க மறைப்பு, சட்டத்தில் மோதல் சோதனைக் குறி: ஐரோப்பிய இ.என். 166 வகையில் எஃப், அமெரிக்க வகையில் இசட்87+. புருவத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அது அந்த முகத்துக்கான கண்ணாடி அல்ல. குனிந்து வேலை செய்பவருக்கு மேல்பக்க இடைவெளிதான் ஆபத்து. கையாள் குனிந்திருந்தார் என்பதை மறக்க வேண்டாம். அண்ணாந்து கூரையில் கொத்துபவருக்கு முகத்தோடு ஒட்டும் மூடுகண்ணாடி தேவை. அதில் பி குறி இருந்தால் நொடிக்கு 120 மீட்டர்வரை சோதிக்கப்பட்டது.

ஏன் நெற்றிக்கு ஏறுகிறது? வேர்வை ஆவி படிகிறது, அல்லது வில்லை கீறிப்போய் மங்கலாக இருக்கிறது. திட்டிப் பயனில்லை. கீறியதை உடனே மாற்றித் தர வேண்டும், ஆவி படியாத பூச்சுள்ளதை வாங்க வேண்டும், சிமெண்ட் படிந்த கண்ணாடியை வறண்ட துணியால் துடைக்காமல் தண்ணீரில் அலசப் பழக்க வேண்டும். வறண்ட துணியால் ஒரு வாரம் துடைத்தாலே வில்லை சாக்குப்படுதாவாகிவிடும்.

கண்ணில் படாமல் முன்கையிலோ கழுத்திலோ பட்டாலும் இதே கதைதான். அரிசி அளவுக் கீறல், ஒரு சொட்டு ரத்தம், ‘கீறிடுச்சு’ என்ற பேச்சு. உள்ளே துண்டு தசைக்குள் இறங்கி, ரத்தக் குழாயை ஒட்டி நிற்கலாம். உளி வேலையில் வந்த சிறு துளைக் காயம் எதற்கும் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது.

அதற்குப் பிறகு

ஆறு மாதம் கழித்து, செயற்கை வில்லை வைத்த பின், வலக்கண் பார்வை 6/24. இதோடு தீரவில்லை. இரும்பில் ஒரு துகள் மிஞ்சியிருந்தாலும் அது மெல்லக் கரைந்து விழித்திரையைப் பழுதாக்கும். கருந்திரை துரு நிறமாக மாறுவதும், கண்மணி விரிந்தே நிற்பதும், இரவுப் பார்வை குறைவதும் அதன் அடையாளங்கள். அதனால் குறித்த இடைவெளியில் விழித்திரையின் மின் சோதனை. அடிபடாத இடக்கண்ணிலும் உடல் தானே அழற்சியை எழுப்பும் அரிய நோய் ஒன்று உண்டு. வருபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மூன்று மாதத்தில் வரும், ஆண்டுகள் கழித்தும் வரலாம். இடக்கண்ணில் சிவப்பு, கூச்சம், மங்கல் எது வந்தாலும் அன்றே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வேலைக்குத் திரும்பினார். இரு கண்ணின் பார்வையில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தால் ஆழம் கணிப்பது தடுமாறும்: சாரத்தின் அடுத்த பலகை எங்கே தொடங்குகிறது, ஏணியின் கடைசிப் படி எது என்பதெல்லாம். தலையை அசைத்து அசைத்துத் தூரம் கணிக்கப் பழகச் சில மாதம் பிடிக்கும். அதுவரை உயர வேலையும், ஓடும் எந்திரத்தின் அருகில் வேலையும் இல்லை. இடக்கண்ணைக் காக்கப் பாலிகார்பனேட் கண்ணாடி இப்போது அவருக்குக் கொத்தும் நேரத்துக்கு மட்டுமல்ல. தளத்துக்குள் நுழைவது முதல் வெளியேறுவது வரை.